தனியாரிடம் கொடுத்தால் அரசு மருத்துவமனை சுத்தமாகுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவை பெங்களூரில் ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தீர்கள். வைத்தியத்தில் குறையில்லை, டாக்டர்களும் நன்றாகப் பார்த்தார்கள். ஆனால் கழிவறைக்குள் கால் வைக்க முடியவில்லை, கட்டிலுக்கடியில் யாரோ போட்ட பஞ்சு அப்படியே கிடந்தது என்கிறீர்கள். அதே சாலையிலுள்ள தனியார் மருத்துவமனையில் தரையில் முகம் பார்க்கலாம். "துப்புரவை மட்டுமாவது அரசாங்கம் தனியாரோடு கூட்டு வைத்துச் செய்யக் கூடாதா? அப்படிச் செய்து எங்கேயாவது பலன் கிடைத்திருக்கிறதா? நான் வேலை பார்க்கும் கம்பெனி சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தில் ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிய வேண்டும்: நீங்கள் பார்த்த அந்த வார்டைப் பெருக்கித் துடைப்பது ஏற்கனவே தனியாராக இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இங்குள்ள பெரிய அரசு மருத்துவமனைகளில் நிரந்தரக் கடைநிலை (டி குரூப்) ஊழியர்கள் ஓய்வுபெறப் பெற, அந்த இடங்களைப் பெரும்பாலும் நிரப்புவதில்லை. அந்த வேலை டெண்டர் வழியாக ஏஜென்சிகளின் கைக்குப் போய் வெகுகாலமாகிறது. வார்டில் கலர் சேலைக்கு மேல் ஏஜென்சி கோட் போட்டுக்கொண்டு மாப் தள்ளுகிற அக்காவுக்குச் சம்பளம் போடுவது அரசாங்கம் இல்லை. ஆகவே "தனியாரிடம் கொடுக்கலாமா" என்ற கட்டத்தை நாம் தாண்டிவிட்டோம். என்ன நிபந்தனையின் பேரில் கொடுத்திருக்கிறோம், செய்த வேலையை யார் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. என் பதில் முழுக்க அதைச் சுற்றித்தான் இருக்கும்.

நான் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக வேலை பார்த்தவள். முதலில் அரசு மருத்துவமனை, பிறகு தனியார், இரண்டுமே பெங்களூரில். அல்சூரில் வளர்ந்ததால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் துப்புரவுப் பெண்களோடு உட்கார்ந்து பேச முடிந்தது. பயிற்சி வகுப்பில் படித்ததைவிட அந்தப் பேச்சில் தெரிந்துகொண்டது அதிகம். எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரிய ஊரின் பெரிய வார்டுகள். தாலுகா மருத்துவமனைக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

மருத்துவமனைச் சுத்தம் என்றால் பளபளப்பும் ஃபினாயில் வாசனையும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். தரை நோயாளிக்குப் பெரிய ஆபத்தில்லை, யாரும் தரையைத் தொட்டுவிட்டுக் காயத்தைத் தொடுவதில்லை. கட்டிலின் பக்கக் கம்பி, டிரிப் ஸ்டாண்டு, மருந்து வைக்கும் லாக்கர், குழாய்த் திருகு, கதவுக் கைப்பிடி, ஸ்விட்ச் இவைதான் நாளெல்லாம் கைபடும் இடங்கள். எம்ஆர்எஸ்ஏ, அசினடோபாக்டர் போன்ற, மருந்துக்கு எளிதில் அடங்காத கிருமிகள் உலர்ந்த பரப்பில் நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். ஒரு நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி, துடைக்காத அதே கட்டிலில் அடுத்தவர் படுத்தால், முன்னவரின் கிருமி இவருக்கு வரும் அபாயம் கூடுகிறது. இதில் சந்தேகமில்லை, பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் தரையை ஒரு நாளைக்கு எத்தனை முறை துடைக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். கட்டில் கம்பியை யார், எப்போது, எதனால் துடைப்பது என்பது இருக்காது. நர்ஸ் அது ஹவுஸ்கீப்பிங் வேலை என்பார், ஹவுஸ்கீப்பிங் அது சிஸ்டர் வேலை என்பார். இருவர் சொல்வதிலும் தப்பில்லை, காகிதத்தில் அது யாருடைய வேலையும் இல்லை.

துடைப்பது என்ற வேலையையே கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். ரத்தம் சிந்திய இடத்துக்கு 1 சதவீத ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கிருமிநாசினி வேண்டும். கேனில் வருவது 5 சதவீதமாக இருந்தால், ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். அளவு ஜக் இல்லாத வார்டில் இது கண்ணால் பார்த்து ஊற்றும் அளவாகிவிடும். நீர்த்துப்போனால் கிருமி சாகாது, கெட்டியானால் துடைக்கிறவரின் கண்ணும் மூச்சும் எரியும். ஹைப்போ வெயிலிலும் சூட்டிலும் வீரியம் இழக்கும், அதனால் அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பாதிக் குளோரினை அழுக்கே தின்றுவிடும், அதனால் முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம்தான் ஹைப்போ. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டோடு அது கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மாப் அலச ஒன்று, சுத்தத் தண்ணீருக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று என்று மூன்று வாளி வைக்கச் சொல்லுவோம். நாற்பது கட்டில் வார்டில் ஒரே வாளி, ஒரே மாப் என்றால் கடைசிக் கட்டிலுக்குப் போகும்போது அந்த மாப் முதல் கட்டிலின் அழுக்கை எல்லோருக்கும் பங்குபோட்டுக் கொடுத்திருக்கும். இவ்வளவும் தெரிந்து செய்ய வேண்டிய வேலையை "படிப்பறிவு தேவையில்லாத வேலை" என்ற பிரிவில் வைத்துத்தான் டெண்டர் விடுகிறோம்.

இனி பணத்தைப் பார்ப்போம். வழக்கமான துப்புரவு டெண்டர் ஆள் கணக்கில் இருக்கும்: காலை ஷிப்டுக்கு இத்தனை பேர், மதியத்துக்கு இத்தனை, இரவுக்கு இத்தனை. யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்கு ஒப்பந்தம். இதில் ஏஜென்சியால் எதைக் குறைக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். குறைந்தபட்சக் கூலியை அரசு அறிவிக்கிறது. பிஎஃப்-க்கு முதலாளி பங்கு 12 சதவீதம், ஈஎஸ்ஐ-க்கு 3.25 சதவீதம், இவையும் சட்டப்படி நிலையானவை. மிச்சமிருப்பது ஏஜென்சி தனக்கென்று கேட்கும் சர்வீஸ் சார்ஜ் மட்டும்தான். போட்டியில் அது கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது. சார்ஜே இல்லை என்று கோரும் விலைப்புள்ளியை ஏற்கக் கூடாது என்று மத்திய நிதி அமைச்சகம் விதி போடும் அளவுக்கு இது பழக்கமாகியிருந்தது. லாபமே இல்லாமல் யாரும் கம்பெனி நடத்த மாட்டார்கள். அப்படியானால் லாபம் எங்கிருந்தோ வர வேண்டும். வருகைப் பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்க, வார்டில் இல்லாத ஆளிலிருந்து வரும். நீர்த்த ஹைப்போவிலிருந்து வரும். மாதக்கணக்கில் மாற்றாத மாப்பிலிருந்து வரும். சூப்பர்வைசர் என்று தனியாக ஆள் போடாமல் ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கே அந்தப் பெயரைக் கொடுப்பதிலிருந்து வரும். எல்லா ஏஜென்சியும் இப்படி என்று நான் சொல்லவில்லை, ஒழுங்காக நடத்துகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் விலை மட்டுமே பேசும் டெண்டரில் அவர்களுக்கு ஒப்பந்தம் கிடைப்பது கஷ்டம்.

கல்யாணச் சமையலை நாம் எப்படிக் கான்ட்ராக்ட் விடுகிறோம்? எத்தனை சமையல்காரர் வந்தார்கள் என்று தலையை எண்ணிப் பணம் கொடுப்பதில்லை, இலைக் கணக்கில் கொடுக்கிறோம். அதுவும் போதாமல், பந்தி போடுமுன் வீட்டு மனிதர் ஒருவர் போய் சாம்பாரை வாயில் விட்டுப் பார்க்கிறார். மருத்துவமனைத் துப்புரவில் இந்த இரண்டும் இல்லை. மாதக் கடைசியில் ஏஜென்சியின் பில் ஆபீசுக்குப் போகிறது, அங்கே வருகைப் பதிவோடு ஒத்துப் பார்த்து பாஸ் செய்கிறார்கள். வார்டு சிஸ்டரை யாரும் கேட்பதில்லை. "இந்த வார்டு இந்த மாதம் சுத்தமாக இருந்தது" என்று வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் கையெழுத்துப் போட்டால்தான் அந்த வார்டுக்கான பணம் போகும் என்று ஒரே ஒரு விதி மட்டும் வந்துவிட்டால், பாதி மாற்றம் அந்த மாதமே தெரியும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு மருத்துவமனையில் அப்படி ஆரம்பித்த இரண்டாவது மாதம், அதுவரை முகம் காட்டாத ஏஜென்சி மேனேஜர் வார்டு வார்டாக வந்து "சிஸ்டர், என்ன குறை சொல்லுங்கள்" என்று நின்றார்.

நீங்கள் வியந்த தனியார் மருத்துவமனைக்கு வருகிறேன். அங்கேயும் பெரும்பாலும் துப்புரவு வெளி ஏஜென்சிதான். சில சமயம் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த அதே பெண்கள்தான் அங்கேயும் வேலை பார்க்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், அங்கே மருத்துவமனையின் சொந்த ஹவுஸ்கீப்பிங் மேனேஜர் ஒருவர் இருக்கிறார், தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் தினமும் சுற்றுகிறார், மதிப்பெண் குறைந்தால் பில்லில் வெட்டு விழுகிறது, குழாய் ஒழுகினால் அரை மணியில் பிளம்பர் வருகிறார். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அங்கே கூட்டம் குறைவு. ஒரு கட்டிலுக்கு ஒரு நோயாளி, ஓர் அட்டெண்டர். அரசு வார்டில் கட்டிலுக்கு இடையில் பாய் விரித்தும் ஆள் படுத்திருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு எந்தத் தனியார் கம்பெனியைக் கொண்டுவந்தாலும், தனியார் மருத்துவமனையின் பளபளப்பை அதே ஆள்பலத்தில் எதிர்பார்க்க முடியாது.

வெளிநாட்டில் இது எப்படி முடிந்தது என்பதும் நம்மிடம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1983-லிருந்து அரசு மருத்துவமனைகளின் துப்புரவைப் போட்டி டெண்டருக்கு விட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பல ஆண்டு கழித்து, 2010 முதல் 2014 வரையிலான விவரங்களை வைத்து 126 மருத்துவமனை அமைப்புகளை ஒப்பிட்ட ஆய்வு 2017-இல் வெளியானது. துப்புரவை வெளியே விட்ட இடங்களில் செலவு குறைந்திருந்தது, ஆனால் எம்ஆர்எஸ்ஏ தொற்று அதிகமாக இருந்தது, படுக்கைக்கு இத்தனை என்ற துப்புரவு ஆள் எண்ணிக்கையும் குறைவு. ஸ்காட்லாந்து 2008-லேயே இனிப் புதிதாகத் துப்புரவைத் தனியாருக்கு விடுவதில்லை என்று முடிவெடுத்தது. இதை வைத்து "தனியார் என்றாலே தொற்று" என்று சொல்ல முடியாது. வெளியே விட்ட மருத்துவமனைகள் வேறு வகையிலும் வித்தியாசமாக இருந்திருக்கலாம், இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதுதான் ஆய்வு காட்டுவது. அந்த ஊர்க் கூட்டமும் நம் ஊர்க் கூட்டமும் ஒன்றல்ல. ஆனால் தனியாரிடம் விட்டால் தானாகவே சுத்தம் வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்த விவரங்களில் இடமே இல்லை என்பது நிச்சயம்.

சரி, கூட்டு முயற்சி ஒழுங்காக ஓடும் இடம் ஏதாவது இருக்கிறதா என்றால், மருத்துவக் கழிவைச் சொல்வேன். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் மருத்துவமனை தன் வளாகத்தில் சொந்தமாகக் கழிவை எரிக்கும், பதப்படுத்தும் நிலையம் அமைக்கக் கூடாது. அந்த நிலையங்களைப் பெரும்பாலும் நடத்துவது தனியார். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பிரித்து, பார்கோடு ஒட்டி, எடை போட்டு வண்டியில் ஏற்ற வேண்டும். பதப்படுத்தாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மேலே இருக்கிறது. இது ஓடுவதற்குக் காரணம், ஒப்படைக்கும் பொருளை எண்ணவும் எடைபோடவும் முடியும், இரு தரப்பும் அதை மறுக்க முடியாது, ஒழுங்காகச் செய்யாவிட்டால் கேட்க மூன்றாவது ஆள் இருக்கிறார். இதிலும் ஓட்டை இருக்கிறது, அது வார்டுக்குள் இருக்கிறது. ஊசியை வெள்ளை டப்பாவில் போடாமல் மஞ்சள் பையில் போட்டால், அதைத் தூக்குகிற பெண்ணின் கையில்தான் குத்தும். போட்டவர் டாக்டர், நர்ஸ், பயிற்சி மாணவர் யாராகவும் இருக்கலாம், நிச்சயம் ஏஜென்சி ஆள் இல்லை.

கழிவறை விஷயத்தில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம், நீங்களும் அதைத்தான் முதலில் எழுதியிருக்கிறீர்கள். அரசு மருத்துவமனைக் கழிவறை நாறுவதற்குக் காரணம் யாரும் கழுவாததுதான் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் பாதி இடத்தில் ஃப்ளஷ் டேங்க் உடைந்திருக்கும், குழாயில் தண்ணீர் மதியத்துக்கு மேல் நின்றுபோகும், சாக்கடைத் துளை நாப்கினால் அடைத்திருக்கும், தாழ்ப்பாள் இருக்காது, பல்பு எரியாது. எத்தனை முறை கழுவினாலும் தண்ணீர் போகாத தரை நாறத்தான் செய்யும். பெருக்குவது ஏஜென்சி, குழாய் பொதுப்பணித் துறை அல்லது இலாகாவின் பொறியியல் பிரிவு, தண்ணீர் குடிநீர் வாரியம். ஒரு வாஷர் மாற்ற எஸ்டிமேட் போட்டு, ஒப்புதல் வாங்கி, ஆள் வருவதற்குள் கழிவறையைப் பூட்டியே விடுவார்கள். அப்புறம் இருக்கிற ஒன்றில் இரண்டு மடங்கு கூட்டம். இந்த ஊரின் பெரிய அரசு மருத்துவமனை வளாகங்கள் வயதானவை, விக்டோரியா திறந்தே 1900-இல். புதுப் பிளாக்குகள் எத்தனை எழுந்தாலும் பழைய கட்டடங்களின் குழாய் வழிகளுக்கு நிரந்தரமாக ஒரு பிளம்பர் வேண்டும். என்னைக் கேட்டால், துப்புரவு ஒப்பந்தத்திலேயே சின்னப் பிளம்பிங், எலெக்ட்ரிக்கல் பழுதையும் சேர்த்து, இத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். ஒரே கை பொறுப்பேற்றால்தான் "அது என் வேலை இல்லை" என்ற பேச்சு நிற்கும்.

கட்டணக் கழிவறையை நிறையப் பேர் மாதிரியாகச் சொல்வார்கள். 1970-இல் தொடங்கிய சுலப் இன்டர்நேஷனல் என்ற தொண்டு நிறுவனம் இப்படி நாடெங்கும் நடத்துகிறது. நம் ஊரில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நகர மேம்பாட்டுக்காக அரசு அமைத்த பெங்களூரு அஜெண்டா டாஸ்க் ஃபோர்ஸ் என்ற குழுவின் காலத்தில், சுதா மூர்த்தியின் நன்கொடையில் நிர்மல பெங்களூரு கழிவறைகள் வந்தன. பஸ் ஸ்டாண்டிலும் மார்க்கெட்டிலும் இது நல்ல ஏற்பாடு. மருத்துவமனைக்கு வெளியே, அட்டெண்டர்கள் குளிக்கவும் துணி மாற்றவும் இருக்கலாம். வார்டுக்குள் வேண்டாம். பிரசவ வார்டுப் பெண்ணும் டயரியா நோயாளியும் ஒவ்வொரு முறைக்கும் சில்லறை தேட முடியாது. அங்கே நடத்துகிறவருக்குப் பணம் மருத்துவமனை கொடுக்க வேண்டும், உபயோகிப்பவர் இல்லை.

துப்புரவு செய்கிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருக்கும் பெண்ணிடம் ஹைப்போ அளவைப் பற்றி வகுப்பெடுக்க எனக்கு வாய் வந்ததில்லை. ஏஜென்சி சம்பளம் தராவிட்டால் அதைக் கொடுக்கும் பொறுப்பு முதன்மை முதலாளிக்கு, அதாவது மருத்துவமனைக்கு வந்து சேரும் என்பது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் தொட்டு இருக்கும் விதி. இது பல சூப்பரிண்டெண்டெண்ட்களுக்கே தெரியாது. தொழிலாளிக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ் போட வேண்டும், ஒன்று இன்று, ஒன்று அடுத்த மாதம், மூன்றாவது ஆறாம் மாதம். முதல் டோஸ் போட்டு மூன்றாவது வருவதற்குள் ஏஜென்சி மாறிவிட்டால் பதிவேடு காணாமல் போகும். டெண்டர் மாறும்போது பழகிய ஆட்களைப் புது ஏஜென்சி அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஷரத்து இல்லையென்றால், கற்றுக்கொடுத்ததெல்லாம் ஒரே நாளில் வாசலைத் தாண்டிப் போய்விடும். ஐசியுவில் துடைக்கத் தெரிந்த ஒரு பெண்ணை உருவாக்க மாதங்கள் ஆகும். அப்புறம் சுவரில் ஒட்டும் நோட்டீஸ்கள்: ஆங்கிலத்தில் அழகாக அச்சடித்து ஒட்டுகிறோம். ஸ்ரீராமபுரத்திலிருந்து வரும் தமிழ்ப் பெண்ணுக்கும் அனந்தபூரிலிருந்து வரும் தெலுங்குப் பெண்ணுக்கும் அது வெறும் படம். கலர் வாளியைக் காட்டி, பக்கத்தில் நின்று, அவர்கள் பாஷையில் ஒருமுறை செய்து காட்டினால் மறக்க மாட்டார்கள்.

சுத்தமான அரசு மருத்துவமனைகளுக்குப் பரிசு தரும் அரசாங்கத் திட்டமான காயகல்ப் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மத்திய சுகாதார அமைச்சகம் 2015 மே மாதம் தொடங்கியது. வளாகப் பராமரிப்பு, துப்புரவு, கழிவு, தொற்றுக் கட்டுப்பாடு என்று பகுதி பகுதியாக மதிப்பெண் போடுவார்கள். முதலில் மருத்துவமனை தன்னையே மதிப்பிடும், பிறகு பக்கத்து மருத்துவமனைக்காரர்கள், கடைசியில் வெளி மதிப்பீட்டாளர். 70 சதவீதம் தாண்டினால்தான் பரிசுக்குத் தகுதி. மாவட்ட மருத்துவமனைக்கு முதல் பரிசு 50 லட்சம் ரூபாய் வைத்தார்கள். பரிசுப் பணத்தில் முக்கால் பங்கு மருத்துவமனைக்கும் கால் பங்கு அங்கே உழைத்தவர்களுக்கும். மதிப்பிடும் குழுவில் நானும் போயிருக்கிறேன். இத்திட்டம் செய்த பெரிய நன்மை, சுத்தம் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு பட்டியலைக் கொடுத்ததுதான். அதுவரை "நன்றாக இருக்கிறது", "மோசமாக இருக்கிறது" என்ற பேச்சுதான் இருந்தது. குழு வரும் வாரம் மருத்துவமனை மின்னும், போன பிறகு பழைய கதை என்று குறை சொல்பவர்கள் உண்டு, சில இடங்களில் அது உண்மை. ஆனால் பட்டியல் கையில் இருக்கும்போது அதையே துப்புரவு ஒப்பந்தத்தோடு இணைத்து, மாதாமாதம் மதிப்பெண் போட்டு, அதன்படி பணம் கொடுக்கலாமே. விலையோடு தரத்துக்கும் மதிப்பெண் தரும் டெண்டர் முறைக்கு மத்திய நிதி அமைச்சகம் 2021-இல் வழி விட்டது, தரத்துக்கு 30 சதவீதம் வரை. கர்நாடக அரசு மருத்துவமனைகள் 1999-ஆம் ஆண்டு மாநிலக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வருகின்றன, குறைந்த விலைப் பழக்கத்தை உடைக்க அங்கே இன்னும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

இனி உங்கள் கம்பெனிப் பணம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய கம்பெனிகள் இந்த ஊரில் நிறைய. ஜெயதேவா இதய மருத்துவமனையில் இன்ஃபோசிஸ் அறக்கட்டளை கட்டிக் கொடுத்த 350 படுக்கைக் கட்டடம் போன்ற பெரிய உதவிகள் அப்படி வந்தவை. ஆனால் துப்புரவுக்கு என்று வரும் பணம் பெரும்பாலும் மெஷினாக வருகிறது. தரை தேய்க்கும் மெஷின் ஒன்றை ரிப்பன் வெட்டிக் கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், பேட்டரி போனதும் அது ஸ்டோர் ரூமில் நிற்கும். கட்டில்கள் நெருக்கிப் போட்ட வார்டில் அது நுழையவும் நுழையாது. பெயர்ப் பலகை வைக்க முடியாத செலவுகளுக்குத்தான் உங்கள் பணம் தேவை. மூன்று வருடத்துக்கு ஒரு பிளம்பர், ஓர் எலெக்ட்ரீஷியன் சம்பளம். வார்டுக்குப் போதுமான மாப்களும், அவற்றைத் துவைத்துக் காயவைக்க ஒரு வாஷிங் மெஷினும். படுக்கை விரிப்பு மூன்று செட், அப்போதுதான் ஒன்று கட்டிலிலும் ஒன்று அலமாரியிலும் ஒன்று சலவையிலும் இருக்கும். கை கழுவத் தொட்டி இல்லாத வார்டில் தொட்டி.

எல்லாவற்றையும்விட, ஏஜென்சியும் மருத்துவமனையும் சாராத ஒருவர் மாதம் ஒருமுறை வந்து சோதிக்கும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: கண்ணுக்குத் தெரியாத ஒளிரும் ஜெல்லைக் கட்டில் கம்பி, ஸ்விட்ச், கைப்பிடி எனச் சில இடங்களில் பொட்டு வைத்துவிட்டு, மறுநாள் புற ஊதா டார்ச் அடித்துப் பார்ப்பது. துடைத்திருந்தால் பொட்டு இருக்காது. இதில் வாக்குவாதத்துக்கு இடமில்லை, செலவும் அதிகமில்லை. துடைத்தவருக்கே அதைக் காட்டினால் எந்த இடம் விடுபட்டது என்று அவர் கண்ணாலேயே பார்ப்பார். அதை வைத்துத் தனி ஆளைத் தண்டிக்க மட்டும் விடாதீர்கள், அடுத்த மாதம் பொட்டு வைத்த இடத்தைத் தேடித் துடைக்கப் பழகிவிடுவார்கள்.

எங்கே போய்ப் பேசுவது என்பதும் முக்கியம். விக்டோரியா, வாணிவிலாஸ், பௌரிங் போன்றவை மருத்துவக் கல்வித் துறையின் கீழ் வருகின்றன. கே.சி. ஜெனரல், ஜெயநகர் ஜெனரல் சுகாதாரத் துறையின் கீழ். மாநகராட்சியின் பிரசவ மருத்துவமனைகள் தனி. மனுவைத் தவறான மேஜையில் கொடுத்தால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். சுகாதாரத் துறை மருத்துவமனைகளில் ஆரோக்கிய ரக்ஷா சமிதி என்று ஒரு குழு உண்டு, உள்ளூர் உறுப்பினர்களும் அதில் இருப்பார்கள், சின்னப் பழுதுகளுக்கு அதன் கையில் கொஞ்சம் பணமும் இருக்கும். கம்பெனிப் பணமும் அந்தச் சமிதியோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் போவதுதான் நல்லது, சூப்பரிண்டெண்டெண்ட் மாறினாலும் ஏற்பாடு நிற்கும்.

அதற்கு முன்னால் ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம்தான், 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும், அதனால் மருத்துவமனையின் கதையெல்லாம் எழுத வேண்டாம். துப்புரவு ஒப்பந்தத்தின் நகல், அதில் ஏஜென்சி செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல், போன பன்னிரண்டு மாதப் பில்களில் குறைபாட்டுக்காகப் பிடித்தம் செய்த தொகை, இவ்வளவு கேட்டால் போதும். பன்னிரண்டு மாதமும் பிடித்தம் ஒரு ரூபாய்கூட இல்லை என்று பதில் வந்தால், உங்கள் அம்மாவின் வார்டில் நீங்கள் எடுத்த போட்டோக்களோடு அந்தக் காகிதத்தையும் சேர்த்துச் சமிதிக் கூட்டத்துக்கோ, சமிதி இல்லாத இடத்தில் சூப்பரிண்டெண்டெண்டிடமோ எடுத்துக்கொண்டு போங்கள். பில்லில் வார்டு சிஸ்டரின் கையெழுத்து வேண்டும் என்ற கோரிக்கையை அங்கேயே எழுத்தில் கொடுங்கள்.